அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் உரிமைக்காகக் களத்தில் நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழர்களே,

வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் கடற்கரையில், உள்ளே கயத்தாறு, ஒட்டப்பிடாரம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், ஏதோ ஓர் ஊரில் நம் ஆட்கள் மேல் கை வைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தால் போதும், அரை மணி நேரத்தில் ஐம்பது பைக் சேர்த்துவிடுகிறீர்கள். சாயங்காலத்துக்குள் வீடியோ வந்துவிடுகிறது, மறுநாள் சுவரொட்டி. குறை சொல்லவில்லை. கூட்டம் கூடாமல் எந்த ஸ்டேஷனிலும் காகிதம் நகராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டம் கூட்டத் தெரிந்த அளவுக்கு வழக்கு நடத்த நமக்கு வரவில்லை. இது நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் ஒரு வாரம் நிற்கும், வழக்கு ஏழெட்டு வருடம் ஓடும் என்று அவர்கள் பொறுமையாக இருப்பார்கள்.

முதலில் புகாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வழக்குகள் அங்கேயே செத்துப்போகின்றன.

உப்பளத்தில் ஒரு பெண் உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். கூலித் தகராறில் கங்காணி அவளுடைய சாதிப் பெயரைச் சொல்லி, அதோடு இன்னொரு வார்த்தையையும் சேர்த்துத் திட்டுகிறான். அவள் ஸ்டேஷனுக்கு வருகிறாள். அந்த வார்த்தையைத் தன் வாயால் திரும்பச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசுகிறது. கூட வந்த நீங்கள் படித்த பிள்ளைகள். நாகரிகமாக எழுதிக் கொடுக்கிறீர்கள்: "தகாத வார்த்தைகளால் சாதியைச் சொல்லி இழிவாகத் திட்டினார்." ஸ்டேஷன் ரைட்டருக்கும் இது வசதி. அவர் கைவசம் இருக்கும் வாசகமும் அதுதான்.

அந்த ஒரு வரியில் வழக்கு பாதி போய்விட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு கேட்பது சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினாரா, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் திட்டினாரா என்பதை. "தகாத வார்த்தை" எந்தச் சாதியின் பெயரும் ஆகாது. நான்கு வருடம் கழித்து அவள் கூண்டில் ஏறி உண்மையான வார்த்தையைச் சொல்லும்போது, "இது புகாரில் இல்லையே அம்மா, இப்போது யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதற்கு அவளிடம் பதில் இருக்காது. அதனால் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் எழுதுங்கள். சொல்ல அவள் கூச்சப்பட்டால், இயக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பேச்சுவழக்கிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இடத்தையும் அதேபோல் எழுதவேண்டும். ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் வெளியாட்கள் யாருமில்லாமல் நடந்த வசவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எல்லா எதிர்த்தரப்பு வக்கீலும் கையில் எடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான். "அளத்தில் வைத்துத் திட்டினார்" என்றால் போதாது. எந்த அளம், எந்தப் பாத்தி, வரப்பில் யார் நின்றார்கள், லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் காதில் விழுந்தது, விடிந்துவிட்டதா இருட்டா, எல்லாம் வேண்டும். திட்டியவருடைய சாதியும் வேண்டும். அவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்பது புகாரிலேயே தெரியவேண்டும். "அவள் சாதி எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லித் தப்புவது கடினம். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. ஆகவே எத்தனை வருடப் பழக்கம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "விசாரிக்கிறோம், நாளைக்கு ரெண்டு பார்ட்டியும் வாங்க" என்பார்கள். அந்த நாளைக்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கவுண்ட்டர் கேஸ் போடப்படும். அதைக் காட்டியே ராஜிக்கு இழுப்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். ஆகாது. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று சொல்கிறது. அதே வருடம் மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதும், ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் பந்த் நடந்ததும், அதன் பிறகு நாடாளுமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அது தெருவில் இறங்கி வாங்கிய பிரிவு. ஸ்டேஷனில் அதைச் சொல்லாமல் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? அப்போதும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. அதைக் கத்திச் சொல்வதைவிட மனுவில் எழுதுவது நல்லது.

விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்கவேண்டும், அறுபது நாளில் முடிக்கவேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் 7ஆம் விதி. இன்ஸ்பெக்டர் ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தால், யார் நியமித்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். நம் தரப்பு வழக்குகள் இந்த ஒரு ஓட்டை வழியாகவும் ஒழுகிப் போயிருக்கின்றன.

இனி சாட்சியங்கள். 2020 அக்டோபரில் கயத்தாறு அருகே ஓலைக்குளத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் காலில் விழவைத்து, அதை வீடியோவும் எடுத்தார்கள். அந்த வீடியோ பரவித்தான் கைதுகள் நடந்தன. சாதித் திமிர் தனக்குத் தானே சாட்சி எடுத்துக் கொடுத்தது என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு வேறு கவலை. அந்த மனிதர் அப்படி விழுந்ததை நாமும் ஆயிரம் முறை ஷேர் செய்தோம். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் முகத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். குடும்பத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மூலக் கோப்பை, எடுத்த போனிலேயே, அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் நான்கு கை மாறி வந்த நகல் நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணும் கேட்கிறார்கள். போனை மாற்றி, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

சி.சி.டி.வி. விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிக்கப்பட்ட பிறகு அங்கே போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? கேமராப் பதிவைச் சேமிக்க இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் தலித்துகள் இல்லை, அது வேறு வழக்கு. ஆனால் பாடம் நமக்கும்தான். சம்பவம் நடந்த தெருவில் டீக்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., கோயில் என்று எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ, எல்லாவற்றையும் குறித்து, பதிவைக் கைப்பற்றிப் பாதுகாக்கச் சொல்லி அன்றைக்கே டி.எஸ்.பி.க்கு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது கோகுல்ராஜ் வழக்கைத்தான். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட பையன். முக்கிய சாட்சி பிறழ்ந்துவிட்டார். அந்த நிலையிலும் வழக்கைத் தாங்கியது கோயில் கேமராவின் பதிவு. அரசு வக்கீல் சரியில்லை என்று தாய் சித்ரா போராடி, ப.பா.மோகனைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாங்கினார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேருக்கு அதை உறுதிசெய்தது, இரண்டு பேருக்குத் தண்டனையைக் குறைத்தது. விரும்பும் வழக்கறிஞரைக் கேட்க 4(5) விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு தாய் எத்தனை நடை நடந்திருப்பார் என்று யோசியுங்கள். அவரோடு கூட நடந்தவர்கள் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உடலை வாங்க மறுக்கும் போராட்டம் பற்றியும் பேசவேண்டும். ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலத்துக் கவின் செல்வகணேஷ் 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, குடும்பம் ஆகஸ்ட் 1 வரை உடலை வாங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவரும் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள். கவின் குடும்பத்தின் உறுதியால்தான் குற்றம் சாட்டப்பட்டவரின் தகப்பன் கைதானார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இது வலிமையான ஆயுதம். ஆனால் அதை எடுப்பதும் வைப்பதும் குடும்பத்தின் முடிவு. பிணவறை வாசலில் மைக் பிடித்தவர்கள் அதை முடிவுசெய்யக் கூடாது. பெற்றவளுக்குத் தன் பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் அந்த நிமிடமே போராட்டம் முடிந்தது. எல்லோரும் பிணவறை வாசலில் நிற்கும்போது இரண்டு பேராவது வெளியே இருக்கவேண்டும்: எஃப்.ஐ.ஆர். நகல், சரியான பிரிவுகள் போடப்பட்டனவா, பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாகிறதா என்று பார்க்க.

நிவாரணத்தை யாசகம்போல் பேசாதீர்கள். கொலைக்கு மத்திய விதிகள் 8,25,000 ரூபாய் என்றன. தமிழ்நாடு அதை 12 லட்சமாக உயர்த்தியது. பாதித் தொகை பிரேதப் பரிசோதனை முடிந்ததும் வரவேண்டும். அதற்கு மேல் ஓய்வூதியமும் அரசு வேலையும் உண்டு. "பிணத்துக்குக் காசு வாங்கிட்டான்" என்று ஊரில் பேசுவார்கள். பேசுகிறவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள், அதுதான் கஷ்டம். சட்டம் கொடுக்கும் பணத்துக்கும் எதிரி ராஜிக்குக் கொடுக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, முதல் நாளே தெருவில் வைத்து உரக்கச் சொல்லிவிடுங்கள்.

விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று கோரிக்கை வைப்பதை நான் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நம் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள், கமிஷன் வந்தது. 2011இல் இம்மானுவேல் சேகரன் நினைவுநாளுக்குப் போகும் வழியில் ஜான் பாண்டியனை வல்லநாட்டில் பிடித்துவைத்தார்கள், பரமக்குடியில் ஆறு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள், கமிஷன் வந்தது. 2018 மே 22 ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூட்டில் பரதவரும் நாடாரும் தலித்துமாகச் சேர்ந்து நின்ற கூட்டத்தில் பதின்மூன்று உயிர் போனது. அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை மதிக்கிறேன். ஆனால் அறிக்கை யாரையும் கூண்டில் ஏற்றாது. கமிஷன் கேட்கும் அதே மூச்சில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கொடியன்குளத்தை 'கர்ணன்' படம் வழியாகத்தான் உங்களில் பலர் நினைத்துப்பார்ப்பீர்கள். வளைகுடாவில் சம்பாதித்து மேலே வந்துகொண்டிருந்த ஊர் அது. டி.வி., ஃபேன், தையல் மெஷின், டிராக்டர் எல்லாவற்றையும் உடைத்தார்கள், கிணற்றில் விஷம் கலந்தார்கள். அதோடு பையன்களுடைய பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் குவித்துத் தீவைத்தார்கள். எதை எரித்தால் இந்த ஊர் மறுபடி எழுந்திருக்காது என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சம்பவம் ஒன்றுமில்லாத மாதங்களில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வீடு வீடாகப் போய்ச் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கொடுங்கள், டிஜிலாக்கரில் ஏற்றிக் கொடுங்கள். சான்றிதழே வாங்காத வீடுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

சான்றிதழ் என்றதும் நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். இங்கே பல தெருக்களில் அண்ணன் வீட்டில் சுடலைமாடன், தம்பி வீட்டில் அந்தோணியார். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் உள்ளே சேர்த்தவர்கள் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. வெட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுவிட்டு வெட்டுவதில்லை. வழக்கு என்று வந்தபின் அவன் வக்கீல்தான் பங்குப் பதிவேட்டைத் தேடிப் போகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இட ஒதுக்கீட்டுப் பலனுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் அந்த வக்கீலுக்குத் துணை. உங்களை யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. குடும்பத்தின் உண்மை நிலையை முதல் நாளே கேட்டு, நம் வக்கீலிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் சிலுவையைப் போட்டு நாற்சந்தியில் கட்டிவிட்டு, பிறகு வன்கொடுமைச் சட்டத்தில் வாதாடினால் எதிர்த்தரப்பு அந்த ஃபிளெக்ஸைத்தான் முதல் ஆவணமாகக் கொண்டுவரும். சட்டம் பொருந்தவே பொருந்தாது என்று தெரிந்தால், சாதாரணக் குற்றவியல் பிரிவுகளிலாவது பலமாக நில்லுங்கள். 1950 ஆணையை மாற்றச் சொல்லும் போராட்டம் தனியாக நடக்கட்டும். அதில் ஆயர் இல்லங்களும் கூட வந்து நிற்கவேண்டும். அவர்கள் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சாதிச் சுவர் இருக்கும் ஊர்களைப் பற்றியும் அவர்களிடம் சேர்த்துக் கேட்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் எஃப்.ஐ.ஆர். மருந்தில்லை. 2023இல் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைமேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் கேமரா போன பிறகு அந்த அம்மா தினமும் அதே அடுப்பில்தான் நிற்கவேண்டும். அடுத்த வாரமும், அடுத்த பருவத்திலும், எத்தனை தட்டு திரும்பி வருகிறது என்று விசாரித்துவிட்டு வருவதும் போராட்டம்தான்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. 2025 மார்ச்சில் அரியநாயகிபுரத்து மாணவன் பரீட்சை எழுதப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இழுத்து வெட்டப்பட்டான், கைவிரல்கள் துண்டாயின. வெட்டியவர்களும் சிறுவர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பெயரையும் படத்தையும் பரப்புவதைச் சட்டம் தடுக்கிறது, இரண்டு தரப்புக்கும். பாலியல் வழக்குகளில் கேட்கவே வேண்டாம். நீங்கள் போடும் ஒரு போஸ்ட், நம் பிள்ளைக்கு எதிராக நிற்கும்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும். மாநகராட்சிக் குப்பை வண்டியோடு ஓடும் அருந்ததியர் தோழர்களை நம் கூட்டங்களில் எந்த வரிசையில் உட்காரவைக்கிறோம்? பட்டியல் சாதிக்குள்ளேயே நடக்கும் இழிவுக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. அதனால் அதைக் கேட்க நம்மைத் தவிர ஆள் கிடையாது.

கடைசியாகச் சாட்சிகள். இந்த மாவட்டத்துச் சாட்சி பெரும்பாலும் தினக்கூலி. உப்பளத்தில் ஐப்பசி மழை விழுந்துவிட்டால் தை வரைக்கும் வேலை கிடையாது. அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும்? அந்த மாதங்களில்தான் முதலாளி வீட்டிலிருந்து முன்பணம் தேடி வரும். "கோர்ட்டுல பார்த்த மாதிரி இல்லைன்னு மட்டும் சொல்லிரு" என்று கூடவே ஒரு வார்த்தையும் வரும். சாட்சி பிறழ்ந்துவிட்டான் என்று மேடையில் திட்டுவது சுலபம். அவன் வீட்டு அடுப்பை யார் பார்த்தார்கள்?

அதற்குச் சட்டத்தில் கொஞ்சம் வழி இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. 11ஆம் விதியின்படி விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வரும் சாட்சிக்குப் பயணச் செலவும், விவசாயத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் கொடுக்கவேண்டும். மூன்று நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. சாட்சி பெண்ணாகவோ, சிறுவராகவோ, அறுபது வயது தாண்டியவராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால், தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். அவருக்கும் படி உண்டு. ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு முன்தகவல் கொடுத்து அவர் தரப்பையும் கேட்கவேண்டும் என்பது 15ஏ பிரிவு. கேட்காமல் கொடுத்த ஜாமீனை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். வருமானம் எவ்வளவானாலும் பட்டியல் சாதியினருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூடவேண்டிய மாவட்ட விழிப்புக் குழுவில் இந்தப் படிகள் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டன என்று கேட்க, அடுத்த கூட்டத்துக்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு வையுங்கள். கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள். போகிறவர்கள் புகார் நகல், எஃப்.ஐ.ஆர். நகல், சாட்சிகளின் பயண டிக்கெட்டு எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றில் சீல் வாங்கி வாருங்கள்.

தோழமையுடன்,
உங்களில் மூத்த ஒருவன்